இருபத்துநான்கு வோல்ட்

கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு
அந்த ஆணிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் ஒக்வுதிலி:
ஐந்து கேவிஏ இன்வெர்ட்டர்.
நீலத் திரை. உரிக்காத பிளாஸ்டிக் தாள்.
கீழே, தரையில், இரண்டு பேட்டரிகள்.
ஒவ்வொன்றும் இருநூறு ஆம்பியர்-மணி.
தூக்கி வந்த பையன்கள் இன்னும் வாசலில்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இணைத்துவிட்டுப் போ, உஸொஅமாக்கா.
அரை மணி வேலை."

நான் கம்பியைத் தொடவில்லை.
பக்கவாட்டுத் தகட்டைத் துடைத்துப் படித்தேன்.
ஹர்மத்தான் புழுதி அதற்குள் ஏறிவிட்டது.
நாற்பத்தெட்டு வோல்ட்.

பன்னிரண்டும் பன்னிரண்டும்
எனுகுவிலும் இருபத்துநான்குதான்.

"இன்னும் ஒன்று வாங்கட்டுமா?"
மூன்றென்றால் முப்பத்தாறு.
முக்காலி நிற்கும், இது நிற்காது.

இரவில் எதெல்லாம் ஓடும் என்று கேட்டேன்.
இந்தக் கேள்விக்கு யாரும்
வீட்டில் இருப்பதைச் சொல்வதில்லை,
வரப்போவதைச் சொல்கிறார்கள்.
ஏசி என்றார். கிணற்று மோட்டார் என்றார்.
துணி துவைக்கும் இயந்திரம், கடவுள் விட்டால், ஈஸ்டருக்கு.

நுவாக்காஎகோ சமையலறையிலிருந்து வந்தாள்.
கையில் மகளின் பழைய கணக்கு நோட்டு.
பின்பக்கங்களில் ஒரு மாதத்து இருட்டு:
எத்தனை மணிக்கு எடுத்துக்கொண்டார்கள்,
எத்தனை மணிக்குத் திருப்பித் தந்தார்கள்.
ஃப்ரீசர் பாதி நேரம் ஓடுகிறது, பாதி நேரம் தூங்குகிறது;
தூங்காமல் படுத்துக் கேட்டிருக்கிறாள்.

ஃப்ரீசருக்கு நானூற்றெண்பது.
இரண்டு ஃபேனுக்கு எண்ணூற்றெண்பது.
டிவி, பந்தாட்ட இரவென்றால், இருநூற்றெழுபது.
உள்விளக்குகள் நூற்றெண்பது.
கடைசி வரியில்
வாசல் பல்பு, ஒன்பது வாட், பத்து மணி நேரம்.

"அது எதற்கு ராத்திரி முழுக்க?"

"அதன் கீழேதான் பக்கத்து வீட்டுக்காரி
விடியுமுன்னே அக்காரா பொரிக்கிறாள்.
எப்போது வந்து அடுப்பு மூட்டுவாள் என்று
அவளுக்கே தெரியாது. அணைத்தால்
எண்ணெயில் கையை வைப்பாள்."

தொண்ணூறு. எழுதிக்கொண்டேன்.
ஆக ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாட்-மணி.
மாற்றும்போது சிந்துவதைச் சேர்த்து,
ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல்
குடிக்கக் கூடாதென்பதையும் சேர்த்து,
நாலாயிரத்து நானூற்றெழுபது.

தரையில் கிடந்ததைப் பெருக்கினேன்.
நாலாயிரத்து எண்ணூறு.

மறுபடி பெருக்கினேன்.

மனிதர் தெரியாமலே சரியாக வாங்கியிருக்கிறார்.
தப்பு தரையில் இல்லை, சுவரில்.
தண்ணீர் போதும்; தொட்டியை
ஏணியில் பாதி உயரத்துக்குத்தான் ஏற்றமுடியும்.
அந்தப் பெரிய பெட்டிக்கோ
சும்மா தொங்குவதற்கே அறுபது வாட் வேண்டும்.
ஆறேழு வாசல் பல்பு.

இரண்டு கேவிஏ, இருபத்துநான்கு வோல்ட்,
அது போதும் என்றேன்.

"சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்," என்றார் மெதுவாக.
"ஐந்து என்று."

வீக்கம் விரலுக்குத் தக்கபடி இருக்கட்டும்
என்று நான் சொல்லவில்லை.
நோட்டை மூடி அவர் மடியில் வைத்தாள் நுவாக்காஎகோ.
அவர் பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை
நகத்தால் கொஞ்சம் உரித்து,
பிறகு மறுபடி ஒட்டினார், திருப்பிக் கொடுப்பதற்காக.

ஒக்பேட்டே சந்தைக்காரன் தகராறு செய்துதான் எடுத்துக்கொண்டான்.
வந்தது சிறியது. திரை கிடையாது,
ஒரு பச்சைக் கண் மட்டும்.
கல்யாணப் படத்துக்கு இடம் இருந்தது, சற்றுச் சாய்வாக.

மெயினை இறக்கினேன். ஒரு சொடுக்கு.
ஃப்ரீசர் எழும்போது ஃபேன்கள் ஒரு கணம்
மூச்சை உள்ளிழுத்தன, பிறகு சுற்றின.
வாசலில் வெளிச்சம் அசையவே இல்லை.

நான் திருகுளிகளைத் துணியில் சுற்றும்போது
ஒக்வுதிலி நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.
"முந்நூற்றுமுப்பது மிச்சம் காட்டுகிறதே,
அதில் என்ன ஓட்டலாம்?"

"பேட்டரிக்கு வயதாகும்," என்றேன்.
"அது அதற்கு."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்,
கடைசி வரிக்குக் கீழே, மனைவியின் பேனாவால்.